பொய்ப்பெட்டி

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் புளுகுணி மேடம். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டுமென்றே ஒரு பொய் சொல்வார். கண்டுபிடித்தவர்கள் சீட்டில் எழுதி, வகுப்பு மேசைமேல் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். மறுநாள் காலை திறந்து பார்த்து மதிப்பெண். வாத்தியார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற பிள்ளை நாளைக்கு நோயாளியைக் கொன்றுவிடும் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான், யார் இல்லை என்றது? வகுப்போடு நிறுத்தியிருக்கலாம். இந்த வருடம் அதை வார்டுக்கும் கொண்டுபோனார்.

நேற்று வார்டில் மாணவர்கள் இருபது பேரும் சூழ நின்றார்கள். எட்டாம் கட்டிலில் ஒரு தையல்காரப் பெண். இடது கெண்டைக்காலில் வலி. பள்ளிச் சீருடை தைக்கிற மும்முரத்தில் ஒரு வாரமாக மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். பேராசிரியைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் காலில்.

"மிஷின் மிதிச்சு மிதிச்சு தசை பிடிச்சிருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல. ஒத்தடம் குடுங்க, மாத்திரை தரேன். வீட்டுக்குப் போலாம்."

"அப்பாடா! நிறைய சட்டை பாக்கி கெடக்கு டாக்டர்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்தார்கள். வாலுகள் என்று நினைத்துக்கொண்டே பேராசிரியை வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை படியேறும்போதே நர்ஸ் மறித்தாள். "மேடம், அந்தத் தையக்காரம்மாவ விடிகாலைல மூச்சு முட்டித் திரும்பத் தூக்கிட்டு வந்தாங்க. காப்பாத்த முடியல. கால்ல ரத்தம் கட்டி, அது போய் நுரையீரல்ல அடைச்சிடுச்சாம்."

பேராசிரியை பழகிய வழியில் நடந்து வகுப்புக்குள் போய் நின்றார்.

அங்கே ஒரே கும்மாளம். பாவம், அதுகளுக்கு இன்னும் சேதி தெரியாது.

"மேடம், பெட்டியத் திறங்க! இந்தத் தடவ ஒருத்தர் பாக்கியில்லாம கண்டுபிடிச்சிட்டோம்!"

திறந்தார். இருபது சீட்டு. தசைப்பிடிப்பு பொய், ரத்தக்கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். இருபதும் அதையேதான் சொல்லின. ஒருத்தி இரண்டு காலையும் நாடாவால் அளந்து, மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் என்றுகூட எழுதியிருந்தாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு அவருக்கு வாய்த்ததே இல்லை. அடிப்பாவி, இவ்வளவு நன்றாகவா சொல்லிக்கொடுத்தாய் என்று மனம் அடித்துக்கொண்டது.

"ஏம்மா அங்கயே சொல்லல?" என்று அந்தச் சீட்டை எழுதியவளைக் கேட்டார்.

அளந்தவள் விழித்தாள். "பெட்டியிலதானே மேடம் போடணும்? நீங்க கையெழுத்துப் போட்டதுகூட நடிப்புன்னு நெனச்சோம். அப்புறமா ஸ்கேனுக்கு அனுப்பிருப்பீங்கல்ல?"

"நேத்து நான் பொய்யே சொல்லலம்மா. அவசரத்துல மறந்துபோச்சு. தசைப்பிடிப்புன்னு நம்பித்தான் சொன்னேன். அந்தம்மா இன்னைக்கு விடிகாலைல செத்துட்டாங்க."

அளந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"உங்க மேல ஒண்ணுமில்ல. உங்க வாயக் கட்டினது நான்தான்" என்று சொல்லிவிட்டு, சீட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் தையல்காரியின் கணவர், நேற்றைய தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நேத்துதானே மேடம் ஒண்ணுமில்லன்னீங்க? யாருக்குமே தெரியலையா?"

"எனக்கு மட்டும்தாங்க தெரியல" என்று பேராசிரியை இருபது சீட்டுகளையும் அவர் கையில் கொடுத்தார்.