சுவர் நகர்கிற நேரம்

வெள்ளறடைக்குப் போகிற ரோடுதான் எங்களுக்கு எல்லை. இந்தப் பக்கம் எங்கள் வீடு, கேரளம். எதிரே என் தங்கை சுகிர்தபாயின் வீடு, தமிழ்நாடு. அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரின் மானிட்டரைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, ரோட்டைத் தாண்டினேன். பகலெல்லாம் மரச்சீனிக் கிழங்குக்கு மண் வெட்டியதில் கழுத்து வலித்தது. மகள் லேகா மற்றப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

எல்லாம் கரண்டுக்காகத்தான். எங்கள் பக்கம் தினமும் அந்தி நேரத்தில் அரைமணி நேரம் கரண்ட் கட்டு. பாலிடெக்னிக்குக்காக லேகா ஒரு வருசமாய்ச் செய்த ப்ராஜெக்ட் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். பழைய விண்டோஸும் இருக்க வேண்டும், புதியதும் வர வேண்டும். அதற்கு டிஸ்க்குக்குள் இருப்பதையெல்லாம் ஒரு பக்கமாய் ஒதுக்கி, பார்ட்டிஷன் என்கிற சுவரை நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டும் என்றாள். சுவர் நகரும்போது கரண்ட் போனால் ப்ராஜெக்டும் போகும். நகல் எடுத்து வைத்த பிளாப்பிகள் மழையில் பூஞ்சை பிடித்துக் கெட்டிருந்தன.

சுகிர்தபாய் வாசலில் நின்று பார்த்தாள்.

“எங்க ரேசன் அரிசி ஒங்க நாக்குக்குக் கொள்ளாது. கரண்டு மட்டும் நல்லாக் கொள்ளாம், என்ன அண்ணே?”

லேகா உள்ளே எல்லாவற்றையும் மாட்டி வேலையைத் தொடங்கினாள். திரையில் நிறம் நிறமான சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாய் எழுந்து ஒரு பக்கமாய்ப் போய் அமர்ந்தன. பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்தேன். ஊரில் உள்ள வீடுகளெல்லாம் சத்தமில்லாமல் கிளம்பி, கோழிக்கூட்டோடும் கிணற்றோடும் கிழக்கே தள்ளி அமர்வதுபோல் இருந்தது. உறங்குகிறவர் ஒருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

லேகா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். பல்பு மஞ்சளாய் மங்கியிருந்தது. திரையில் படம் நாலுபுறமும் சுருங்கிக்கொண்டே வந்தது.

“அப்பா, சுவரு நகருது. இப்பம் கரண்டு நிண்ணுட்டா ஒண்ணும் மிஞ்சாது.”

அப்போதுதான் உறைத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் விவசாயத்துக்குக் கரண்ட் சும்மா கிடைக்கும். கருக்கலில் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும், வீடுகளில் கரண்ட் இறங்கிப்போகும். அடுத்த வாழை விளையில் வேலாயுதனின் மோட்டார் இரைந்தது. ஓடிப்போய், தெரிந்த அளவுக்கு விசயத்தைச் சொன்னேன். அவன் மண்வெட்டியில் சாய்ந்து நின்று கேட்டான்.

“ஒனக்க மக பெட்டிக்குள்ள சுவரு நீக்குகதுக்கு நான் வாழைக்கு வெள்ளம் நிறுத்தணுமா?”

“ஒரு வருசத்துப் பாடாக்கும், வேலாயுதா.”

அவன் கொஞ்ச நேரம் வாழைகளைப் பார்த்தான். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு, அடுத்த விளைக்காரனையும் கூவி அணைக்கச் சொன்னான். அது அப்படியே விளை விளையாகப் போயிருக்க வேண்டும். இரைச்சல்கள் ஒவ்வொன்றாய் அடங்கி, தவளைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

திரும்பி வந்தபோது சுகிர்தபாய் லைட், காற்றாடி எல்லாவற்றையும் அணைத்திருந்தாள். இருட்டில் அந்தத் திரை மட்டும் மெல்ல மெல்ல விரிந்து முழு அளவுக்கு வந்தது. வேலாயுதன் சேற்றுக் காலோடு வந்து என் பக்கத்தில் குத்தவைத்தான். நூறை நோக்கி எண்கள் ஒவ்வொன்றாய் ஏறின. நீல வெளிச்சத்தில் நாங்கள் நாலுபேரும் குளத்துக்கடியில் இருப்பவர்கள் மாதிரி இருந்தோம்.

நூறு வந்தது. லேகா பெட்டியை அணைத்து மறுபடி போட்டு, ப்ராஜெக்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

புதியது வந்தாயிற்றா என்று கேட்டேன்.

“இல்லப்பா. இடம் மட்டும் ஆச்சு. அது நாளைக்குத்தான் வரும்.”

திரையில் ஒரு பட்டையைக் காட்டினாள். அதில் பாதி நிறமாய் இருந்தது. மறுபாதியில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். லைட் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.