எர்லீன் சாக மறுத்தாள்

நாடகத்தின் முதல் காட்சியிலேயே எர்லீன் வெள்ளத்தில் மூழ்கிச் சாகவேண்டும். அப்படித்தான் கலாவதி எழுதியிருந்தாள். சன்னிவேல் ரயில் நிலையத்திலிருந்து கம்பெனிக்கு ஷட்டில் பஸ் ஓட்டுகிற எர்லீனுக்கு வயது அறுபத்தேழு. கலாவதி அதில் தினமும் முன்சீட்டில் போகிற சாஃப்ட்வேர்காரி. தமிழ்ச் சங்கத்தின் 1999 பொங்கல் விழாவுக்கு, கடல் ஏறிவந்து பாதி ஊரை விழுங்கிவிட்ட 2040-ஆம் வருடத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதி, அதில் வரும் எண்பது வயதுக் கறுப்பினக் கிழவியாக நடிக்க எர்லீனை ஆசையாகக் கேட்டிருந்தாள்.

கதையைக் கேட்டதும் எர்லீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எதிர்காலம் என்று அவள் பார்த்த படங்கள் கொஞ்சமா? எல்லாவற்றிலும் கறுப்பர்கள் முதலில் செத்தார்கள், இல்லையென்றால் கதையிலேயே இல்லை. அதிலும் வயதான பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

“நான் சாகமாட்டேன். கடைசி சீன் வரைக்கும் உயிரோட இருப்பேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கோ” என்று தன் இங்கிலீஷில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கலாவதி வெட்கப்பட்டாள். உட்கார்ந்து நாடகத்தையே மாற்றினாள். கடைசி வசனமும் கிழவிக்கே என்று ஆனது.

சங்கத் தலைவர் நெடுஞ்செழியனுக்கு இது ஒப்பவில்லை. “அந்தம்மாவுக்குத் தமிழ் வராதேம்மா. நம்ம ஷ்யாமளாவுக்குக் கறுப்பா மேக்கப் போட்டா மேட்டர் ஓவர்.”

“அப்ப டிராமாவையே கேன்சல் பண்ணிடுங்க அங்கிள்.”

அவர் இறங்கிவந்தார், ஆனால் நிகழ்ச்சி நிரலில் கடைசி இடத்தைத்தான் கொடுத்தார். கடைசி இடம் என்றால் என்னவென்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விழா இரண்டு மணி நேரம் பிந்தும். அதற்குள் சாம்பார் வந்துவிடும்.

எர்லீனுக்குத் தெரியாது. இரண்டு மாதம் ஒவ்வொரு சிக்னலிலும் வசனத்தை முணுமுணுத்து மனப்பாடம் செய்திருந்தாள். விழா நாளில், கடைசிக் காட்சியில், அவள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து மைக் கரகரத்தது.

“டின்னர் ரெடி. எல்லாரும் லைன்ல வாங்க, ப்ளீஸ்!”

பாதி அரங்கம் எழுந்தது. ஓரத்தில் கலாவதி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடலுக்கே தப்பி வந்தது சாம்பாரிடம் தோற்கவா?

எர்லீன் கிழவி வேஷத்துக்கான கைத்தடியால் மேடையை ஓங்கித் தட்டினாள். ஒத்திகையில் நழுவப் பார்த்தவர்களைக் கலாவதி அதட்டுகிற தமிழ் அப்படியே நாக்கில் வந்தது.

“எங்க போறீங்க? உக்காருங்க! நான் இன்னும் முடிக்கல!”

போனவர்கள் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் மறுபடி நிரம்பின.

எர்லீன் நிமிர்ந்து நின்று, கற்றுக்கொண்ட ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“கடல் வந்துச்சு. வெயில் வந்துச்சு. கறுப்பி போயிடுவா, கிழவி போயிடுவான்னாங்க. எனக்கு எண்பது வயசு. தோ, நிக்கிறேன். நாளைக்கும் இருப்பேன்!”

அரங்கம் அதிர்ந்தது. முதல் ஆளாகத் தட்டு வாங்கி வந்திருந்த நெடுஞ்செழியன், அதைத் தரையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். திரையை இழுக்கவேண்டிய திருமூர்த்தியும் கயிற்றை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அதனால் திரை விழவில்லை. விளக்கு வெளிச்சம் மொத்தமும் தன்மேல் விழ, எர்லீன் நின்றுகொண்டே இருந்தாள்.