புளியமரத்துல இடிக்காத காரு

பெயிண்ட்டு அடிப்போம்னு சொன்னது நான்தான். அதனால இன்னைக்கு வரைக்கும் யாரையும் ஏச முடியல.

எழுபத்தொம்பதாம் வருசம்னு நினைக்கேன். தென்காசியில எங்க வீட்டுக்காரவிய ஒரு அமெரிக்கா காரு வச்சிருந்தாவ. இம்பாலா. எட்டு சிலிண்டரு, ரத்தச் செவப்பு, ஸ்டார்ட் பண்ணுனா அடுக்களையில ஏனம் அதிரும். மலைக்கு மேக்க எஸ்டேட் வச்சிருந்த ஒருத்தரு ஊரவிட்டுப் போறப்ப சல்லிசா குடுத்துட்டுப் போனது. பெட்ரோலு வெல ஏறுனப்புறம் சவாரிக்குக் கட்டல. குடம் குடமால்லா குடிக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் போவும். அந்த வாடகையிலதான் எங்களுக்குச் சோறு.

அதுவும் நின்னு போச்சு. அடுத்த வீட்டுக் குருவம்மா, சின்ன வயசு, மஞ்சக்காமாலையில பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டா. ஊருக்குக் கொண்டார ஒரு வண்டிக்காரனும் வரமாட்டேன்னுட்டான். இவியதான் போயி, பின் சீட்டுல கெடத்தி, பட்டப்பகல்ல தெருவுக்குள்ள கொண்டாந்து எறக்குனாவ. காசு வாங்கல. பொறவு காரக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடமும் காட்டியாச்சு. ஆனா ஒரு கல்யாண வீட்டுக்காரனும் வாசப்படி மிதிக்கல. "செவப்புக் காரா? அதுலல்லா பொணம் ஏத்துனாவ"ன்னு ஊரே சொல்லுது.

சரி, வித்துருவோம், வித்துட்டு பழசோ கிழசோ ஒரு டீசல் வண்டி வாங்கிருவோம்னு முடிவு. அதுவும் ஆனி மாசம் சாரல் தொடங்குறதுக்குள்ள. குத்தால சீசன்ல மூணு மாசம் ஓட்டுனா வருசத்த ஓட்டிரலாம்லா.

அப்பதான் நான் வாயத் தொறந்தேன். "கலர மாத்திருங்க. நீலம் அடிச்சா யாருக்குத் தெரியும்?"

பெயிண்ட்டர் மசூது வந்து பாத்துட்டு, பானெட்டத் தடவிக்கிட்டே நின்னான். "அக்கா, இது கம்பெனியில அடிச்ச பெயிண்ட்டு. ஒரு கீறல் இல்ல. இதப் போயி சொரண்டச் சொல்லுதியளே. வாங்க வாரவன் சந்தேகப்படுவான்க்கா."

"நீ அடிலே. விக்கது எங்க பாடு"ன்னேன்.

முழுசா ஒரு மாசம் சொரண்டுனான், பட்டி பாத்தான், அடிச்சான். கொடியில காயப்போட்ட துணியெல்லாம் நீலத் தூசி. சோத்துலயும் தின்னர் வாசம். தலைவலியோடயே எந்திரிச்சு, தலைவலியோடயே படுத்தேன். கலரு மாத்துனத ஆர்.சி. புக்குலயும் பதிஞ்சாச்சு. ஒழுங்கா செய்யணும்பாவ இவிய.

வைகாசியில புளியங்குடியிலேருந்து இசக்கிப்பாண்டின்னு ஒருத்தரு வந்தாரு. எலுமிச்சங்கா கமிஷன் கடை வச்சிருக்கவரு. மக கல்யாணத்துக்கு ஊரே வாயப் பொளக்குற மாதிரி காரு வேணுமாம். பதினெட்டாயிரம்னு இவிய சொன்னாவ. அவரு தலைய ஆட்டிக்கிட்டு காரச் சுத்திச் சுத்தி வந்தாரு. காய அமுக்கிப் பாக்குற மாதிரி கதவ அமுக்குதாரு, மடக்குன வெரலால தட்டுதாரு. பொறவு புக்கப் பெரட்டுனாரு.

"என்னவே, சித்திரையிலதான் செவப்ப நீலமாக்கியிருக்கீரு. எங்கன அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"நல்ல பெயிண்ட்டுக்கு மேல எவன்வே பெயிண்ட்டு அடிப்பான்? சொத்தக் காய அடியில போட்டு, நல்ல காய மேல பரத்திக் கொண்டாரவன்கிட்டதான் நான் தெனமும் மல்லுக்கட்டுதேன். எனக்கேவா?"

காப்பித் தம்ளரோட நான் வாசல் நெலையில நிக்கேன். அடுத்த வீட்டு வாசல்ல குருவம்மாளப் பெத்தவ, பாலம்மா மைனி, உளுந்து பொடைக்கா. எல்லாம் காதுல விழும் அவளுக்கு. சொளவுச் சத்தம் நின்னு போச்சு.

இவிய அந்தப் பக்கம் ஒரு தடவை பாத்தாவ. பொறவு தரையப் பாத்துக்கிட்டு சொல்லுதாவ, "கடையநல்லூரு தாண்டி ஒரு புளியமரத்துல இடிச்சிட்டேன் அண்ணாச்சி."

பதினாலு வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட மோதாத மனுசன்.

"தண்ணி போட்டிருந்தீரோ?"

"இல்ல. கண்ணசந்துட்டேன்."

"அத முதல்லயே சொல்லுதுக்கென்ன? அடிபட்ட வண்டிக்குப் பதினோராயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது"ன்னாரு. குடுத்தாரு, கொண்டு போயிட்டாரு.

காரு தெருமுக்கு தாண்டுனதும் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னிய?"

"வேற என்னத்தட்டி சொல்லச் சொல்லுத? அந்தம்மா அங்கன உக்காந்திருக்கா. அவ மகளச் சொல்லியா வெல பேசணும்? சொன்னாலும் அவரு வாங்கியிருக்க மாட்டாரு." சட்டையக் கழத்திப் போட்டுட்டுப் படுத்துட்டாவ.

பதினோராயிரத்துக்கு எங்க போயி டீசல் வண்டி வாங்க? எஞ்சின் செத்துப் போனதுதான் கெடைக்கும். கடைசியில குத்தாலத்துல லாட்ஜ் வச்சிருந்த லட்சுமிநாராயணன் சாமி புது வேன் எடுத்திருக்காரு, டிரைவர் தேடுதாருன்னு கேள்விப்பட்டுப் போனாவ. இசக்கிப்பாண்டி புளியங்குடியில பேசுனது எலுமிச்சங்கா லாரியில ஏறி இவியளுக்கு முந்தியே அங்க போயிருக்கு.

"ஓய், புளியமரத்துல கொண்டு ஏத்துன சங்கரபாண்டி நீர்தானே?"

இவிய என்ன செய்வாவ? இல்லன்னா, பொறவு ஏன் அப்பிடிச் சொன்னீருன்னு கேப்பாரு. "ஆமா சாமி"ன்னுட்டாவ.

"ஒரு வாரம் ஓட்டிக் காட்டும். கிளீனர் பக்கத்துல இருப்பான். சம்பளம் அப்பறம் பேசிக்கலாம்."

மொத நாளு மத்தியானம் டவுன் பஸ்சுல சோறு கொண்டு போனேன். சாரல் விழுது. எண்ண தேச்சுக் குளிச்சிட்டு வந்த கூட்டம் லாட்ஜ் வாசல்ல நின்னு வேடிக்க பாக்கு. லாட்ஜ் முத்தத்துல ரெண்டு செங்கல்ல நட்டு, அதுக்கு நடுவுல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லியிருக்காரு சாமி. கிளீனர் பின்னால நின்னு, "வரலாம், வரலாம், மெதுவா அண்ணாச்சி, மெதுவா"ன்னு கத்துதான்.

செங்கல்லத் தொடாம கொண்டு போயி நிப்பாட்டுனாவ. சாமி கொடைய மாத்திப் பிடிச்சிக்கிட்டு, "இன்னொரு தடவ எடும்"னாரு.

இவிய என்னையப் பாத்தாவளோ என்னவோ, தெரியல. கியரப் போட்டு வண்டிய முன்னால எடுத்தாவ. தூக்குவாளிய முந்தானையால மூடிக்கிட்டு நான் செவுரு ஓரமா ஒதுங்கி நின்னேன்.