ஹோல்டன் துரைக்குப் பார்த்த வீடு

துரைக்கு வீடு பார்க்க வேண்டும் என்று மில் ஏஜெண்ட் பொன்னுராஜ் சொன்ன மாத்திரத்திலேயே, எந்த வீடு என்பதை ஏசம்மாள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஹோல்டன் துரை லங்காஷயர்க்காரர். இராஜபாளையத்தில் புதிதாக எழும்பியிருந்த நூல் மில்லில் மெஷின்களைப் பூட்டி ஓடவிட்டுப் போக ஒன்பது மாதத்துக்கு வந்திருந்தார். ஏசம்மாள் தூத்துக்குடியிலிருந்து அவரோடு வந்த சமையற்காரி. பாளையங்கோட்டை மிஷன் பங்களாவில் சமையலும் இங்கிலீஷும் கற்றவள்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டைக் காட்டினார் பொன்னுராஜ். மாடியில் நின்றால் கிழக்கே கோயில் கோபுரம், மேற்கே மலை. துரை சொக்கிப் போனார்.

"இங்கேயே இருந்துவிடலாமா, ஏசம்மா?"

"கண்ணுக்கு நல்ல இடம்தான், துரை. ஆனால் மெஷின் நின்றுபோனால் மில்லுக்கு ஏழு மைல் ஓட வேண்டும். ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது. இராஜபாளையத்தில் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வீடு இருக்கிறது. ஸ்டேஷன் கூப்பிடு தூரம், மில் சைக்கிள் தூரம். தபாலாபீசும் டாக்டரும் அதே ரோட்டில்."

அத்தனையும் உண்மை. அந்த வீடு வேலுசாமியுடையது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோட்டுக்கு ஸ்டேஷனும் கிடையாது, பேரும் கிடையாது. வேலுசாமியின் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள் ஏசம்மாள். எட்டு மாத வயிறு. சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ள, தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பின்கட்டுக் கிணற்றில் தானே இறைத்தாள். ஒரு குடம். வேலுசாமி அதைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்.

"ஏசு வேதத்துல சேந்துட்டா கிணத்துலயும் சேந்துரலாம்னு நெனச்சியா?" என்று கேட்டுக்கொண்டே அவளைத் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகுதான் அவள் ஊரைவிட்டே போனாள்.

வெள்ளைச் சேலையும் குடையுமாகத் துரையோடு வந்தவளை வேலுசாமிக்கு அடையாளம் தெரியவில்லை. "வாங்க டீச்சரம்மா" என்றார். அவருடைய மகனுக்கு மில்லில் மேஸ்திரி வேலை வரவிருந்த சமயம். துரையைக் குடிவைப்பது சாமியைக் குடிவைத்த மாதிரி. வாடகைப் பத்திரத்தில் ஏசம்மாள் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: வேலுசாமி குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் பொதுவான பின்கட்டுக் கிணற்றில் துரையின் வேலையாட்கள் தடையில்லாமல் இறைத்துக்கொள்ளலாம். பொன்னுராஜ் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"தாராளமா இறைக்கட்டுமே" என்று கையெழுத்துப் போட்டார் வேலுசாமி.

மறுநாள் விடிந்ததும் ஏசம்மாள் கிணற்றடிக்குப் போனாள். வேலுசாமி வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார்.

"டீச்சரம்மாவே இறைக்கீகளா?"

"பழக்கந்தான். இந்தக் கிணத்துல ஒருக்க இறைச்சிருக்கேன்."

"எப்ப?"

"பன்னெண்டு வருசமாச்சு. நான் டீச்சர் இல்ல. உங்க தொழுவத்துல சாணி அள்ளுன சந்தனமேரி மக ஏசம்மா. கொடத்த ஒடச்சீகளே."

அவர் முகம் கறுத்தது. "ஏட்டி, நீயா?"

"துரை முன்னால அந்த 'ஏட்டி'யச் சொல்லிப் பாருங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வேலுசாமி பொன்னுராஜிடம் ஓடினார். பத்திரம் பத்திரம்தான் என்றார் அவர். விஷயம் துரை காதுக்கும் போயிற்று. சாப்பாட்டு மேஜையில் அவர் கேட்க, ஏசம்மாள் ஒன்று விடாமல் சொன்னாள். துரை கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதற்காகத்தான் இந்த வீட்டைச் சொன்னாயா?"

"ஆமாம், துரை. ஆனால் சொன்ன காரணம் எதுவும் பொய் இல்லை."

துரை மறுபடி கரண்டியை எடுத்தார். "சரி. தண்ணீர் இறைத்துக்கொள்" என்றார்.

வேலுசாமி வீட்டார் அந்தக் கிணற்றைத் தொடுவதை விட்டார்கள். அவர் மனைவி முத்தாத்தாள் இடுப்பில் குடத்தோடு சந்தைக் கிணறு வரை நடந்தாள். "வீட்டுல கிணத்த வச்சுக்கிட்டு இங்க எதுக்கு வாரீக?" என்று பெண்கள் கேட்டுக் கேட்டு, ஒரு மாதத்தில் காரணம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஏசம்மாள் தேவைக்கு மேலேயே இறைத்தாள். தோள் கடுத்தது, அந்தக் கடுப்பு அவளுக்கு இனித்தது. உருளைச் சத்தம் பக்கத்து வீட்டுக்குள் கேட்கட்டும் என்றே கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள்.

ஐந்தாம் மாதம் வேலுசாமி கொல்லைவாசலில் வந்து நின்றார்.

"சீவில்லிபுத்தூர்ல அந்த மாடி வீட்டப் பேசி முடிச்சிட்டேன். துரைய அங்க கூட்டிட்டுப் போயிரு, தாயி. ஒரு மண்கொடத்துக்கு எம்புட்டு நாளுதான் பழி வாங்குவ?"

ஏசம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொடத்துக்கா? அன்னைக்கு நீங்க தள்ளிவிட்டதுல எம்புள்ள வயித்துலயே செத்துப்போச்சு."

"புள்ளையா? எனக்குத் தெரியாதே."

"யாரயாவது கேட்டீகளா?"

அவருக்குத் தெரியாது என்பது ஏசம்மாளின் புத்தியில் ஒருநாளும் தட்டியதே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் சுமந்தது அவர் நினைப்பில் ஒரு பொழுதும் இருந்திருக்கவில்லை. தள்ளிவிட்டதைவிட அதுதான் இப்போது அதிகமாக எரிந்தது. வேலுசாமி திரும்பிப் போனார்.

அடுத்த நாள் காலை முத்தாத்தாள் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். ஏசம்மாள் இறைத்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்றாள். பிறகு அதே வாளியை இறக்கி இறைத்து, அங்கேயே நின்று இரண்டு கை அள்ளிக் குடித்தாள்.

ஒன்பது மாதம் முடிகிற வேளையில், அடுத்த கப்பலில் இன்னும் மெஷின்கள் வருவதாகத் தந்தி வந்தது. துரை இன்னும் ஆறு மாதம் தங்க வேண்டியதாயிற்று.

"பழைய மெஷின்கள் நிற்காமல் ஓடுகின்றன, இப்போது அவசரம் குறைந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு காலியாகத்தான் இருக்கிறதாம்" என்றார் துரை. "போகலாமா?"

"இங்கேயே இருப்போம், துரை."

"அந்தம்மாதான் இப்போது இங்கே தண்ணீர் எடுக்கிறாளே. இன்னுமா உனக்குக் கோபம்?"

"ஆமாம், துரை" என்றாள் ஏசம்மாள். ஆறு மாதத்துக்குப் புதுப் பத்திரம் எழுத வேண்டும் என்று வேலுசாமியிடம் சொல்ல, அப்போதே புறப்பட்டுப் போனாள்.