ஒரு சாண் அகலச் சுக்கான்

மதுக்கரைக் கரட்டின் மேற்குச் சரிவில் அன்று காலை இரண்டு கிளைடர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எஞ்சின் கிடையாது, காற்றை மட்டுமே நம்பிப் பறக்கிற விமானங்கள். ஒன்று ஜெர்மனியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது. மற்றது, அதனோடு வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு துடியலூர் பட்டறையில் பீர் முகம்மது செய்தது. எட்ட நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

பீர் முகம்மது வார்ப்படத்துக்கு மர அச்சு செய்கிற தச்சர். மயிரிழை பிசகினால் வார்ப்பே கெட்டுப்போகும் என்பதால் அளவில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. இந்த ஏழு மாதத்தில் அவர் வரைபடத்தை மீறியது ஒரே இடத்தில்தான். வாலில் இடமும் வலமும் திரும்புகிற சுக்கானை ஒரு சாண் அகலம் கூட்டியிருந்தார். விஷயம் இரண்டுக்கும் பணம் போட்ட மில் முதலாளி செங்கோடனுக்கு இன்று காலைதான் தெரிந்தது.

"ஏனுங்க பாய், படத்துல இல்லாததை யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"காத்தைக் கேட்டுச் செஞ்சனுங்க மொதலாளி. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஆடி மாசம் அடிக்கிற காத்து அந்தப் படம் போட்டவங்களுக்குத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டுச் சுக்கானை இன்னொரு முறை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். பறக்கப் போகிறவர் நரசிம்மலு. சென்னையில் விமானம் ஓட்டப் படித்து, 1936-இல் ஊர் திரும்பியவர். தப்பு நடந்தால் போவது அவர் உயிர்.

முதலில் ஜெர்மன் கிளைடர். முன்னால் கட்டிய ரப்பர் கயிற்றை எட்டுப் பேர் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடினார்கள். கயிறு விறைத்ததும் வாலைப் பிடித்திருந்தவர்கள் விட்டார்கள். கிளைடர் விசுக்கென்று எழுந்தது. பாதி வழியில் பக்கக் காற்று அறைந்து மூக்கைத் தெற்கே தள்ளியது. திறந்த இருக்கையில் நரசிம்மலு சுக்கான் மிதியைக் காலால் முழுக்க அழுத்துவது மேலிருந்து தெரிந்தது. மூக்கு நிதானமாகத்தான் திரும்பியது. பாறைகளை ஒட்டினாற்போல் போய்ச் சோளக்காட்டில் இறங்கினார். காற்றில் நின்றது ஐம்பத்திரண்டு விநாடி.

அடுத்தது பீர் முகம்மதுவின் கிளைடர். இறக்கைத் துணியைத் தைத்தது அவர் மனைவி பாத்திமுத்து. தையல் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பீர் முகம்மது விலகினார். கிளைடர் எழுந்தது. அதே இடத்தில் அதே காற்று, இன்னும் பலமாகவே அறைந்தது. மூக்கு ஒரு முழம் விலகியது. மறுகணமே வால் அசைந்து நேரானது. அதன்பிறகு நூல் பிடித்தாற்போல் போய் இறங்கியது. பீர் முகம்மது அப்போதுதான் மூச்சு விட்டார். நாற்பத்தாறு விநாடி.

"ஆறு விநாடி கம்மி பாய். அப்ப சீமைச் சாமான்தானே ஒசத்தி?" என்றார் செங்கோடன்.

நரசிம்மலு வியர்வையோடு மேலேறி வந்தார். வந்தவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மெதக்கறதுல சீமைக்காரன்தானுங்க ஒசத்தி. பாய் செஞ்சது கனம், சீக்கிரம் எறங்குது. ஆனா காத்து தள்றப்போ சீமைக்காரனோடது நான் சொல்றதைக் கேக்கறதுக்குள்ள பாறை வந்துருதுங்க. பாய் செஞ்சது, காலை அசைக்க நெனைச்சாலே திரும்புது."

"கனத்துக்குக் காரணம் நான்தானுங்க," என்றார் பீர் முகம்மது. யாரும் கேட்காமலே சொன்னார். "முறிஞ்சுபோயிருமோன்னு பயந்து இறக்கைக்குள்ள சட்டமெல்லாம் தடிமனா வெச்சுப்போட்டேன். இப்ப பயம் தெளிஞ்சுதுங்க. எளைச்சுப்போடறேன்."

எல்லோரும் கிளைடர்கள் இறங்கிய இடத்துக்குப் போனார்கள். செங்கோடன் இரண்டு வால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜெர்மன் கிளைடரின் சுக்கானைத் தட்டினார்.

"நரசிம்மலு, இதை என்ன பண்றது?"

"கழட்டிப்போட்டு பாய் அளவுக்கு ஒண்ணு மாட்டோணுங்க. இல்லீன்னா ஆடி முடியறவரைக்கும் நான் இதுல ஏற மாட்டனுங்க."

கயிறு இழுத்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பீர் முகம்மது நிமிர்ந்து நின்றார். கடலுக்கு அப்பால் யாரோ செய்த பொருள் தன் உளிக்காகக் காத்து நிற்கிறது. நெஞ்சு விம்மியது, மறைக்க அவர் முயலவில்லை.

"மொதலாளி, ஒண்ணு கேக்கலாமுங்களா? ஏழு மாசம் செஞ்சிருக்கறேன். ஒருக்கா உக்காந்து பாக்கோணுங்க."

செங்கோடன் சிரித்துவிட்டார். "உக்காருங்க பாய். நானே கயிறு இழுக்கறேன்."

சரிவின் அடியில், சமதரையில், கயிற்றைப் பாதி விறைப்புக்கே இழுத்தார்கள். மில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். கிளைடர் புல்லில் சறுக்கி, ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து, முப்பது கஜம் தாண்டித் தொப்பென்று உட்கார்ந்தது. நரசிம்மலு ஓடிப்போய்க் கைகொடுத்தார்.

"எப்படிங்க பாய் இருந்துச்சு?"

பீர் முகம்மது இறங்கவில்லை. இடுப்பு வாரையும் அவிழ்க்கவில்லை.

"இடது இறக்கை ஒரு விரக்கடை தாழுதுங்க," என்றார். "இன்னொருக்கா இழுங்க, சரியாப் பாத்துப்போடறேன்."