கரண்டி ஏரியில் ஒரு மூக்கு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரமில்லில் எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கையுறையைக் கழற்றி, காதடைப்பை எடுத்து, கை கழுவி உட்கார்வதற்குள் ஐந்து நிமிஷம் போய்விடும். மிச்சம் இருபத்தைந்து நிமிஷத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஆர்லோ இதைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. ஆக, என்னிடம் இருப்பது முக்கால் கதை. கால்வாசியை நாமே போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் எழுத உட்கார்ந்தேன்.

(எனக்கு எழுத்து வந்தது நாற்பத்து நான்கு வயதில், நூலகத்துச் செவ்வாய்க்கிழமை வகுப்பில். அதனால் எழுதிய வரியை அடிக்க மனசு வராது. கைவிட்ட வரிகளும் வழியில் கிடக்கும், தாண்டி வாருங்கள்.)

2

முதல் தொடக்கம் இது: "புகைக்கு நடுவே சூரியன் ஒரு செப்புக் காசைப் போல…"

விட்டுவிட்டேன். இங்கே பெட்ரோல் போடுகிறவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது: "காடு எரிந்தது, அவர்கள் மனசும்…"

இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

மூன்றாவது தொடக்கத்தில் அழகு இல்லை, ஆனால் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து ஆர்லோ வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி வெர்னா சாய்வு நாற்காலியில் இருந்தாள். அந்த மாதம் முழுக்க அவள் தூங்கியதும் அதில்தான். காட்டுத்தீப் புகையில் படுத்தால் இருமல் வருகிறது. எதிரே மேசை விசிறி; அதன் முதுகில் புகையைப் பிடிக்க ஹீட்டர் வடிகட்டி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தது. போன வாரம் வெள்ளையாக இருந்த வடிகட்டி இப்போது காப்பி நிறம்.

"என் தங்கச்சி மறுபடி போன் பண்ணினா" என்றாள் வெர்னா. "நனைமோவில, அந்தக் கடலோர ஊர்ல, அவ தெருவுலயே ஒரு வீடு காலியாகுதாம்."

"அங்க வருஷம் பூரா மழை பெய்யுமே."

"பெய்யட்டும். மழையை மூச்சுல இழுத்தா இருமல் வராது."

"இன்னைக்கே கிளம்பலாம் வெர்ன். கரண்டி ஏரிக்கு. போன்ல புகை மேப்புல அங்க மட்டும் பச்சையா, சுத்தமா இருக்கு, பாரு."

"அஞ்சு வருஷமா நீ பச்சையைத் தேடி ஓடிக்கிட்டிருக்க கிழவா. மாடுகூட இவ்வளவு ஓடாது."

ஆர்லோவுக்கு அந்த வீட்டை விட்டுப் போக முடியாது. முடியாது என்று அவன்தான் சொல்கிறான். மில்லில் தரம் தேறாமல் ஒதுக்கிய பலகைகளைப் பொறுக்கி வந்து அவன் கையாலேயே கட்டியது. எந்தச் சுவரில் எந்தப் பலகைக்குக் கணு இருக்கிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்வான். வெர்னாவுக்கோ மூச்சு வேண்டும். இரண்டு பேர் கேட்பதும் நியாயம். கதை எழுத வந்தவனுக்கு இதைவிடத் தொந்தரவு வேறில்லை.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். ஏரியில் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நல்ல காற்று கிடைத்தால் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே. புகை வந்தால் வீட்டை விற்பது.

"எப்பலேருந்து எப்ப வரைக்கும்?" என்றான் ஆர்லோ. அளவு சொல்லாமல் அவன் எதையும் அறுக்க மாட்டான்.

"படகு தண்ணியில இறங்கறதுலேருந்து கரையேறற வரைக்கும். நடுவுல ஒரு தடவை புகை வாசனை வந்தாலும் நான் ஜெயிச்சேன்."

"வாசனையா? உனக்குத்தான் மூக்கே போயிடுச்சே."

உண்மைதான். மூன்றாவது புகைக்காலத்தோடு வெர்னாவுக்கு வாசனை போய்விட்டது. ரொட்டி கருகினால் அவளுக்கு முன்னால் அலாரம் கத்தும்.

"உன் மூக்கு இருக்குல்ல, அதை நம்பறேன். முப்பத்தோரு வருஷத்துல உன்கிட்ட ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்."

3

இங்கே வழியை வர்ணிக்க வேண்டும். மூன்று மணி நேரப் பயணம். "பைன் மரங்கள் வரிசையாக…" வேண்டாம். காலையிலிருந்து நான் பைன் மரத்தைத்தான் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் ஏழரைக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெளிச்சம் இருந்தது. வானம் நீலமாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்; எல்லாரிடமும் அதே மேப்தான். ஆர்லோ படகை இறக்கினான். பந்தயம் தொடங்கியது.

கரண்டி ஏரியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கரண்டிக் காம்பு மாதிரி நீளமாக, நேராக, ஆழமாக இருக்கும். மெதுவாகப் படகு விட்டுக்கொண்டே தூண்டிலை இழுத்துப் போக அதைவிட நல்ல ஏரி கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்லோவுக்குப் பிடித்த நீளம் வேறொருவருக்கும் பிடிக்கும்.

4

சனிக்கிழமை காலை ஆர்லோ கண் விழித்தபோது வெர்னா கூடாரத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை நீட்டி, ஒரு பக்கமாக ஒருக்களித்து. சத்தமே இல்லை. அவன் பயந்துபோய்ப் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். ஏறி இறங்கியது.

வெளியே வந்து கேஸ் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். ஜெயித்த மாதிரியே இருந்ததாம். அப்போதுதான் வந்தது. ஒரே ஒரு இழுப்பு. எரிந்த ஊசியிலையும் ஈர மண்ணும் கலந்த வாசனை. மறுபடி மூக்கை உறிஞ்சினான். இல்லை. காப்பி வாசனைதான்.

யாராவது முகாம் தீ போட்டிருப்பார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அவன் நின்ற இடத்திலேயே அறிவிப்புப் பலகை இருந்தது: முகாம் தீ தடை, மாகாணம் முழுவதும். புகைக்காலத்தில் இங்கே ஒருவன் தீ போட்டால் பக்கத்துக் கூடாரத்துக்காரனே அவனைத் தூக்கி ஏரியில் போட்டுவிடுவான்.

"எப்படி இருக்கு காத்து?" என்று கூடாரத்துக்குள்ளிருந்து வெர்னா கேட்டாள்.

"சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு" என்றான் ஆர்லோ.

(இதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. சூப்புக் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். திறந்துதான் இருந்தது.)

5

அடுத்து வெர்னா. இவளைப் பற்றி எனக்குச் சந்தேகம். நிஜ வெர்னாவுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் என் பூட்ஸ் சேறுதான்; எனக்கு அவளைப் பற்றித் தெரிந்ததும் அந்தச் சேற்றுக்காக வாங்கிய திட்டுத்தான். ஆர்லோ சொன்ன வெர்னா கொஞ்சம் கூடுதல் வேடிக்கையாக இருக்கிறாள். மனைவியைப் பற்றி வெளியே சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அல்லது எதிர்ப்பக்கமாக. நான் அவன் சொன்னபடியே விடுகிறேன்.

முப்பத்தோரு வருஷமாக அவள் ஆர்லோவோடு ஏரிக்கு வந்திருக்கிறாள், ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. படகின் முன்பக்கம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவாள். அன்றைக்கு ஆர்லோ ஒரு தூண்டில் நரம்புச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, "இதைக் கொஞ்சம் பிடி" என்று இன்னொரு தூண்டில் கம்பை அவள் கையில் கொடுத்தான். அவ்வளவுதான். கம்பு வளைந்தது.

"ஆர்லோ! எதுவோ என்னை இழுக்குது!"

"மீன்தான் இழுக்குது! விடாதே! சுத்து, சுத்து! ஐயோ, அந்தப் பக்கம் இல்லடி!"

"கத்தாதே! மீனுக்குக் கேக்கும்!"

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ட்ரவுட் மீன் ஒன்று எழும்பி விழுந்தது. எவ்வளவு பெரிசு என்று ஆர்லோ எனக்குக் கையால் காட்டினான். நான் பாதியாக எழுதுகிறேன்: முழங்கை நீளம். வெர்னா சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். வரவில்லை. ஆர்லோ கையிலிருந்த சிக்கலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மீன் படகுக்குள் வந்துவிட்டால் இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது மலைக்கு மேலே சத்தம் கேட்டது.

6

மஞ்சள் விமானம். ஒன்றல்ல, இரண்டு. ஏரிக்கு மேல் தாழ்வாக ஒரு வட்டம் அடித்தன.

இங்கே இருக்கிற எல்லாருக்கும் இதன் அர்த்தம் தெரியும். பக்கத்தில் எங்கேயோ காடு பற்றிக்கொண்டது. தீயணைக்கும் விமானங்கள் வயிற்றைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே அள்ளிப் போக நீளமான, நேரான ஏரி வேண்டும். முதல் வட்டம் எச்சரிக்கை. நடுவில் ஒரு படகு இருந்தாலும் அவை இறங்காது.

கரையில் மஞ்சள் சட்டை போட்ட முகாம் காவலர் கர்ட்டிஸ் ஒலிபெருக்கியில் கத்தினார்: "எல்லாப் படகும் கரைக்கு வாங்க! சீக்கிரம்! ஏய், நடுவுல இருக்கற வெள்ளிப் படகு! உங்களைத்தான்!"

வெள்ளிப் படகு ஆர்லோவுடையது.

"இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றான் ஆர்லோ. "சுத்து வெர்ன், வந்துடும்!"

"மேல பாருய்யா!"

"மீனைப் பாரு நீ!"

"அவன் எரியற எடத்துக்குத் தண்ணி எடுக்க வந்திருக்கான். நான் மீனைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

நரம்பு வெட்ட ஆர்லோ ஒரு நகவெட்டியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பான். வெர்னா அதைப் பிடித்து இழுத்தாள். கழுத்தும் கூடவே வந்தது. மாடு மாதிரிக் குனிந்து நின்ற கணவனின் மூக்குக்குக் கீழே நரம்பை வெட்டினாள்.

டக்.

கம்பு நிமிர்ந்தது. அவள் வாழ்க்கையின் ஒரே மீன் கரண்டிக் காம்புக்குள் போய்விட்டது.

"ஓட்டு" என்றாள்.

7

கரையில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து விமானங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் கை தட்டினார்கள். மலைக்குப் பின்னால் ஒரு புகைத்தூண் நேராக நின்றது. காற்று அந்தப் பக்கம் அடித்தது. இந்தப் பக்கம் வானம் நீலமாகவே இருந்தது. அங்கே காடு எரிய, இங்கே அது நீலமாக இருந்ததுதான் அன்றைக்கு அசிங்கம்.

"ஏரி நாளைக்கும் மூடல்தான்" என்றார் கர்ட்டிஸ். "படகை ஏத்திடுங்க."

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் படகு கரையேறியது. பந்தயம் முடிந்தது. ஆர்லோ கொக்கியை மாட்டி, பட்டையை இறுக்கி, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பக்கத்தில் வெர்னா. நகவெட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"படகு ஏறியாச்சு" என்றாள். "மலைக்குப் பின்னால நிக்கற புகை கணக்கில்ல, பேசினது பேசினதுதான். இப்ப சொல்லு. வாசனை வந்துச்சா?"

அந்த இடத்தில் மில்லில் சங்கு ஊதியது. ஆர்லோ காதடைப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

8

முடிவு அ. "வரல" என்கிறான். வெர்னா தலையாட்டுகிறாள். வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இதை நான் ஒரே மூச்சில் எழுதினேன். கையெழுத்துகூட நன்றாக வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.

முடிவு ஆ. "வந்துச்சு" என்கிறான். "தெரியும் கிழவா. காலையில காப்பி போடறப்ப ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சினே. காது எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்கிறாள் அவள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் நானாகச் சேர்த்தது. அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

முடிவு இ. "அவர்கள் வண்டியில் வெகுநேரம் பேசாமல்…"

இல்லை. பேசாமல் இருக்கிற ஆட்களில்லை அவர்கள்.

ஆர்லோவிடமே கேட்டுவிடலாமே என்பீர்கள். தினமும் காலை ஐந்தரைக்கு அவன் வண்டி என் வாசலில் வந்து நிற்கிறது. பதினொரு வருஷமாக வலது பக்க ஆசனம் என்னுடையது. என்னிடம் வண்டி கிடையாது. அவன் நனைமோ போனால் எனக்கு மில்லும் கிடையாது. கேட்க வாயைத் திறக்கிறேன், வானிலையைப் பற்றிப் பேசுகிறேன். அதனால்தான் முடிவு அ அவ்வளவு வேகமாக வந்தது. அந்த வண்டியில் போகிறவன் இதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உங்களுக்கு வேறு வண்டி இருக்கும். வெர்னா நகவெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். நேற்று அவள் படுத்துத் தூங்கினாள். ஆர்லோ வாயைத் திறக்கிறான்.

அவன் பதிலை நீங்களே சொல்லுங்கள், நான் காதடைப்பை மாட்டிக்கொள்கிறேன்.