யாரையும் நம்பாத பூட்டு

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட பூட்டுகளிலேயே யாரையும் நம்பாத ஒரே பூட்டு தன்னுடையதுதான் என்று அந்தப் பொறியாளர் சொன்னபோது, அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'சான்றிதழ்'.

பூட்டுக்குள் நகத்தளவு கணினிச் சில்லு ஒன்று. அட்டையைக் காட்டினால் அது வைஃபை வழியாக சர்வரைக் கூப்பிடும். சர்வர், தான் யாரென்று நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழை நீட்டும். அது அன்றைய தேதிக்குச் செல்லுபடியானால்தான் மேற்கொண்டு பேச்சே, பிறகுதான் கதவு. சான்றிதழின் ஆயுளை ஒரே நாளாகக் குறுக்கியதும் அவர்தான். உள்ளிருந்து திறக்கும் பொத்தானையும் பிடுங்கிப் போட்டார். அமுக்குகிறவன் யாரென்று பொத்தானுக்குத் தெரியாதாம். இணையத்திலிருந்து சில்லு மணியும் தேதியும் கேட்பதையும் தடுத்துவிட்டார். சொல்கிறவன் யாரோ எவனோ.

அங்கேயே வேலை பார்த்த அவர் மச்சினன், "கரண்ட் போய் வந்தா சில்லுக்குத் தேதி மறந்துடும் மாமா. கையால போட ஒரு வழியாவது வைங்க" என்று நச்சரித்து, உள்சுவரில் எண்பலகை ஒன்றை மாட்டினான்.

"ரோட்டுல போறவன்கிட்ட தேதி கேட்டு நடக்குற பூட்டு! உங்க குடும்பமே இப்படித்தான், யார் எதைச் சொன்னாலும் நம்பும்."

"அதனாலதானே உங்களுக்குப் பொண்ணு குடுத்தோம்."

ஒரு தடவை தப்பாகப் போட்டாலும் பலகை மறுநாள் வரை முடங்கிவிடும்படி செய்துவிட்டுத்தான் அவர் விட்டார்.

பூட்டை வாங்கப்போகிறவர்கள் வரும் நாள். இந்த ஆர்டர் கைநழுவினால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று, தன் விதிப்படியே போனையும் கைக்கடிகாரத்தையும் வெளியே வைத்துவிட்டுச் சோதனை அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. கரண்ட் போய் உடனே வந்தது. ஏசி மட்டும் வரவில்லை.

அட்டையைக் காட்டினார். 'சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்றது சின்னத் திரை. கரண்ட் போனதில் தேதி மறந்து, கணினிக் கணக்கின் முதல் நாளுக்கே போய்விட்ட சில்லைப் பொறுத்தவரை அன்று 1970 ஜனவரி ஒன்று.

ஜன்னல் இல்லாத அறை. சட்டை முதுகோடு ஒட்டியது. எண்பலகைக்கு எதிரே விரல் அந்தரத்தில் நின்றது. மாதம் தெரியும், ஆண்டு தெரியும். தேதி? வாரக்கணக்கில் ஆபீஸே கதியென்று கிடந்ததில் கிழமைகூடக் குழம்பியிருந்தது.

"மாமா, வந்துட்டாங்க! கீழ உக்கார வெச்சிருக்கேன்" என்றான் மச்சினன், கதவுக்கு வெளியே.

"வர்றேன். சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"கதவை."

மச்சினன் வெளியிலிருந்து கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான்.

"மாட்டிக்கிட்டீங்களா?"

"மாட்டிக்கல. பூட்டு வேலை செய்யுது."

"பிரமாதமாச் செய்யுது. அப்ப அவங்களை மேல கூட்டிட்டு வரவா?"

"வேணாம்!"

சான்றிதழ் மண்டியிட்டு, கதவின் அடியிடுக்கில் வாயை வைத்தார்.

"மாப்ள... இன்னைக்கு என்ன தேதி?"

"பேசறது நான்தான்னு எப்படி நம்புறீங்க?"

"சொல்லித் தொலைடா."

"பதினேழு."

"நிச்சயமா?"

"நம்பினா நம்புங்க. லிஃப்ட் மேல வருது, அவங்களாத்தான் இருக்கும்."

எழுந்தார். வியர்வையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, ஒன்று, ஏழு என்று அழுத்தினார்.